அந்த்தி கொர்பேலாவுக்குத் துக்கமணி அடிக்காதது குறித்து

குர்கிலாம்பி,
நவம்பர் 16, ஞாயிறு

சபைக் கமிட்டியின் துணைத்தலைவரும், என் அக்கா ஐலாவின் கணவரும், எனக்குப் புதன்கிழமை தோறும் தலைவலி வாங்கித் தந்தவருமான மதிப்பிற்குரிய ஓலவி அத்தான் அவர்களுக்கு,

கோயில்பிள்ளை ரெய்யோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும், என் முழங்காலும், தேவாலயத்துக் கொதிகலனும் இதுவரை ஓடிக்கொண்டிருக்கிறோம். மூன்றில் கொதிகலனுக்கு மட்டும்தான் இன்னும் உத்தரவாதம் இருக்கிறது. ஏரியின் ஓரத்தில் பனி கட்டத் தொடங்கிவிட்டது. அக்காவின் இடுப்பு எப்படி இருக்கிறது, கைத்தடி இல்லாமல் நடக்கிறாளா என்று அறிய ஆவல். உங்கள் விறகு காய்ந்திருக்கும் என்று நம்புகிறேன். என்னுடையது காயவில்லை.

"எதுவானாலும் எழுத்துல கொடு, வியாழக்கிழமை ஆறு மணிக்குள்ள" என்று போனில் சொல்லி, நான் மூச்சு விடுவதற்குள் வைத்துவிட்டீர்கள். எழுத்தில் என்றால் எனக்கும் சௌகரியம்தான். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. ஆகவே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். தொடக்கம் என்பது நீங்கள்தான். ஆகஸ்ட் மாதம் இளைஞர் ஊழியர் வேரா பிரசவ விடுப்பில் போனபோது, குழந்தைகளின் கம்ப்யூட்டர் வகுப்பை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தது. "மணி அடிக்கிற நேரம் போக ரெய்யோவுக்கு என்ன வேலை?" என்று கமிட்டியில் கேட்டது நீங்கள். கொதிகலன், மெழுகுவர்த்தி, கல்லறைத் தோட்டத்துப் புல், பனிக்காலத்தில் பனி, ஞாயிறன்று பாட்டு எண் பலகை, இதெல்லாம் தானாக நடக்கிறது என்று அங்கே இருந்த எல்லோரும் நினைத்திருக்கிறார்கள் போலும், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயது. அதுவரை நான் கம்ப்யூட்டரில் செய்த ஒரே காரியம் அதன் மேல் தூசி தட்டியது.

பயிற்சி என்ற பெயரில் இரண்டு மணி நேர வீடியோ ஒன்று அனுப்பினீர்கள். அதில் ஒரு பையன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ரொம்ப சுலபம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்றும் விளங்கவில்லை. புதன்கிழமை சபை மண்டபத்தில் ஏழு பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு, அவர்கள் செய்வதைப் பின்னால் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். திரையில் வண்ண வண்ணக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை எழுதியிருக்கும். 'பத்து அடி நட', 'ஒரு நொடி காத்திரு', 'திரும்பச் செய்' என்று. ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு போய் உட்காரும், மரவீட்டின் மூலையில் தடிகளைச் செதுக்கிக் கோர்ப்பது மாதிரி. கோர்த்துப் பச்சைக்கொடியை அமுக்கினால் திரையில் இருக்கிற பூனை எழுதியபடி நடக்கும். அப்பா காலத்தில் மரவீடு கோர்த்தவன் என்பதால் எனக்கு அது பிடித்துப்போனது. மறைப்பானேன், பெருமையாகவும் இருந்தது. மூன்றாம் வாரம் நானே 'எனில்' கட்டையைப் பாடமாக எடுத்தேன். "பனி பெய்கிறது எனில் பனிவாரியை எடு, இல்லையெனில் காபி குடி" என்றேன். தோக்கோ என்கிற பத்து வயது வாண்டு, "பனியும் பெய்யுது, காபியும் வேணும்னா?" என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்ல அரை மணி ஆயிற்று. பதில் இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை.

அன்றைக்குத்தான் வாயைக் கொடுத்தேன். பிள்ளைகள் மணியைப் பற்றிக் கேட்டார்கள். ஊரில் ஒருவர் இறந்தால் மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் துக்கமணி அடிப்பதையும், ஆணென்றால் பெரிய மணி முதலில், பெண்ணென்றால் சின்ன மணி முதலில் என்பதையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எந்தப் பிசாசு என் நாக்கில் உட்கார்ந்ததோ, "இருநூற்றெண்பது வருஷமா இந்த ஊர்ல மணி அடிக்காம ஒருத்தர்கூடப் போனதில்ல. மணி அடிச்சாத்தான் போவாங்க" என்று பெரிய மனுஷத் தோரணையில் அளந்துவிட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். என் பேச்சை அப்படி யாரும் கேட்டு வெகு காலமாகிறது அத்தான், நீங்கள் உட்பட.

மணிக்கு ஒரு புரோகிராம் செய்யலாம் என்று சொன்னது சைமி லெஹ்தோ, ஒன்பது வயது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, உடனே மறந்தும் விடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வகுப்புக்கென்று வந்த, சீட்டுக்கட்டு அளவுள்ள மின்பலகை ஒன்று இருந்தது. அதற்கும் இந்தக் கட்டைகளாலேயே கட்டளை போடலாம். அதை மணி மோட்டாரின் சுவிட்சில் நானே இணைத்தேன். இறந்தவரின் பெயரை எழுதி, ஆணா பெண்ணா என்று சொல்லிப் பொத்தானை அமுக்கினால், பன்னிரண்டு வரை காத்திருந்து தானாக அடிக்கும். நான் குளிரில் நடக்க வேண்டாம், முழங்காலுக்கு நல்லது. 'குழந்தைகள் கைவண்ணத்தில் நம் தேவாலய மணி' என்று சபைப் பத்திரிகையில் படம் வந்ததே, அதில் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது யார் என்பதை மட்டும் வியாழக்கிழமை கூட்டத்தில் நினைவுபடுத்த வேண்டுகிறேன். என் தோள் மட்டும்தான் படத்தில் விழுந்திருக்கிறது.

அதன் பிறகு நடந்த இரண்டு சங்கதிகளுக்கும் நானே பொறுப்பு. முதலாவது, ஹில்யா மாமிக்கு மணி அடித்தபோது. தோக்கோ 'பத்து முறை திரும்பச் செய்' கட்டைக்குப் பதில் 'என்றென்றும்' கட்டையைப் போட்டுவிட்டான். அதுதான் மரியாதை என்று நினைத்தானாம். நான் கல்லறைத் தோட்டத்தின் கடைசியில், காதுக்கவசம் மாட்டிக்கொண்டு புல்வெட்டி வண்டியில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தேழு நிமிஷம் மணி அடித்திருக்கிறது. ஒருவர், ஒரே ஒருவர், போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டால் தொந்தரவாக இருக்குமாம். அதற்குப் பதிலாகப் பதினோரு பேர் யுத்தம் வந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்துக்குக் கீழே உள்ள பதுங்கறையில் இறங்கி, அங்கே கிடந்த விளையாட்டுச் சாமான்களை ஒதுக்கிவிட்டு, பிளாஸ்க்கில் காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயும் யாரும் யாரோடும் பேசவில்லை. மணி நின்ற பிறகும் முன்ஜாக்கிரதையாக இன்னும் அரை மணி இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நீங்கள் குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்ததை அக்கா சொன்னாள். இரண்டாவது, அந்தத் திரைப் பூனை தேவாலய ஒலிபெருக்கியில் கத்தியது. போதகர் பிர்க்கோ அம்மா அதை மன்னித்துவிட்டார், ஆகையால் விரிவாக எழுதவில்லை.

இனி அக்டோபர் இருபத்தெட்டு. முந்தின நாள் அந்த்தி கொர்பேலா பெரியவர் எண்பத்தெட்டு வயதில் இறந்தார். பெயரை எழுதினேன், ஆண் என்றேன், பொத்தானை அமுக்கினேன், பல் டாக்டரிடம் போனேன். டவுனில் நான் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த அதே நேரம், கொர்பேலா குடும்பத்தார் பதினான்கு பேர் பண்ணை முற்றத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரியில், நின்றிருக்கிறார்கள். பன்னிரண்டு ஆயிற்று. மணி இல்லை. பன்னிரண்டேகால் ஆயிற்று. மணி இல்லை. பன்னிரண்டரைக்கு மகன் ஏரோ, "சரி, காபி ஆறிடும்" என்று மட்டும் சொல்லி உள்ளே போனாராம். நான் மரத்துப்போன வாயோடு திரும்பி வந்து, விஷயம் தெரிந்து, கையாலாவது அடிக்கட்டுமா என்று போதகர் அம்மா மூலம் கேட்டேன். "இனி வேண்டாம்" என்று பதில் வந்தது. இரண்டே வார்த்தை. நாலு பக்கம் திட்டியிருந்தால் நான் அன்று தூங்கியிருப்பேன்.

மறுநாள் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். நூற்று நாற்பது கட்டைகள். ஒவ்வொன்றாக விரலை வைத்துப் படித்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசியில் திரையை இழுத்துக்கொண்டே போனால், யாரும் போகாத கோடியில், தனியாக ஒரு 'எனில்' கட்டை. பெயரில் 'அந்த்தி' இருக்கிறது எனில், எல்லாவற்றையும் நிறுத்து. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

சைமியின் அப்பா பெயர் அந்த்தி லெஹ்தோ. உங்களுக்குத் தெரியும், எலெக்ட்ரீஷியன், நாற்பத்தொரு வயது, சபை மண்டபத்துக்கு வயர் இழுத்ததே அவர்தான். செப்டம்பரிலிருந்து டவுன் ஆஸ்பத்திரியில், இனி குணமாகாதவர்களை வைக்கிற கடைசி வார்டில் இருக்கிறார். ஊர் முழுக்கத் தெரியும். அந்தப் பிள்ளையைப் பார்த்தால் எல்லோரும் பனி எப்போது விழும் என்று பேச ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான். பத்து புதன்கிழமை அவள் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள், அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை கேட்டதில்லை. கட்டையைக் கண்டுபிடித்த அன்றும் புதன்கிழமைதான், வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவளை மட்டும் சமையலறையில் உட்கார வைத்து, ஏலக்காய் பன்னும் பழரசமும் கொடுத்துக் கேட்டேன்.

"இந்தக் கட்டைய யாரு வச்சது?"

"நான்தான்."

"எதுக்கும்மா?"

"நீங்கதான ரெய்யோ மாமா சொன்னீங்க. மணி அடிக்காம இந்த ஊர்ல யாரும் போனதில்லன்னு."

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"அன்னைக்கு அப்படிச் சொல்லல. இருநூத்தெண்பது வருஷமா ஒருத்தர்கூட போகலன்னு சொன்னீங்க. அப்ப மணி அடிக்கலன்னா போக முடியாதுல்ல?"

அத்தான், அதில் எங்கே தப்பு என்று தேடினேன். நான் சொல்லிக் கொடுத்த 'எனில்'. நான் சொல்லிக் கொடுத்த மணி. இரண்டையும் எடுத்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே, மேட்டில் பள்ளம் பொருந்தக் கோர்த்திருக்கிறாள். ஊரில் இன்னொரு அந்த்தி இருப்பார் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தெரிந்த அந்த்தி ஒருவர்தான். முப்பத்தோரு வருஷம் மணி அடித்தவன் நான், எழுந்துபோய்ப் பன் தட்டை எடுத்து வந்தேன். இன்னொரு பன் எடுத்துக் கொடுத்தேன். அவள் பாதியைத் தின்று, பாதியைக் காகிதத்தில் சுற்றி அப்பாவுக்கு என்று பையில் வைத்துக்கொண்டாள். அவர் எதையும் சாப்பிட்டு வாரக்கணக்காகிறது என்பது அவளுக்கும் தெரியும். அவள் போன பிறகு கொதிகலன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே சத்தமாக இருக்கும், வெளியே கேட்காது.

இப்போது ஏரோ கொர்பேலா கமிட்டிக்கு மூன்று வரி எழுதியிருக்கிறார். வகுப்பை மூட வேண்டும், எந்தப் பிள்ளை செய்தது என்று தெரிய வேண்டும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அப்பாவுக்கும் ஒரே ஒரு தடவைதான் மணி. ஆனால் உங்களைத் தவிர யாரிடமும் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் அவளைத் திட்ட மாட்டார்கள். எல்லோரும் அவளைப் பார்த்ததும் இன்னும் அதிகமாகப் பனியைப் பற்றிப் பேசுவார்கள். ஆகவே அறிக்கையில் இப்படி எழுதுங்கள்: கோயில்பிள்ளை ரெய்யோ, வயதான காரணத்தாலும் விரல் தடித்த காரணத்தாலும், தெரியாமல் ஒரு கட்டையை இழுத்துத் தவறான இடத்தில் போட்டுவிட்டார். பல் வலி வேறு. அந்தக் கட்டையை நான் அன்றைக்கே எடுத்துக் குப்பையில் போட்டாயிற்று. மின்பலகையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று. இனி மணி பழையபடி என் கையால்தான். வேலையிலிருந்து என்னை எடுத்தால்தான் ஏரோவின் மனம் ஆறும் என்றால் எடுங்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருக்கிறது, கல்லறைத் தோட்டத்தில் பனி வாரவாவது வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பை மட்டும் மூட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் ஆஸ்பத்திரி வாடை இல்லாத இரண்டு மணி நேரம் அதுதான்.

அக்காவுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டையும், வாசலையும், வியாழக்கிழமை மட்டும் உங்கள் நாக்கையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
ரெய்யோ

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை): மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடுங்கள். கட்டையை எடுத்துவிட்டேன் என்றது பொய். பலகையைக் கழற்றினேன் என்றதும் பொய். மூன்று வாரமாகத் தினமும் காலையில் புரோகிராமைத் திறந்து அந்தக் கட்டையைப் பார்த்துவிட்டு, அப்படியே மூடிவிட்டேன். அறுபத்திரண்டு வயசு எனக்கு. அதை எடுக்கக் கை வரல அத்தான், பயமா இருந்துச்சு.

இன்று விடியற்காலையில் அந்த்தி லெஹ்தோ போய்விட்டார். அவர் மனைவி கைசா போதகர் அம்மாவுக்குப் போன் செய்தாளாம். எட்டரை மணிக்குச் சைமி, பள்ளிக்கூடப் பையோடு, பள்ளிக்கூடம் போகாமல் மண்டபத்துக்கு வந்துவிட்டாள்.

"அப்பா போயிட்டார். மணி இல்லாமலே போயிட்டார்" என்றாள்.

"ஆமாம்மா. நான் சொன்னது தப்பு" என்றேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கோடியில் கட்டை அப்படியே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். தானே அதை இழுத்து வெளியே போட்டாள்.

"கொர்பேலா தாத்தாவுக்கு அடிச்சீங்களா?"

"இல்ல."

"அப்ப அவருக்குத்தான் முதல்ல. வரிசைல அவர்தான் முன்னாடி. அப்பா எப்பவும் வரிசைல நுழைய மாட்டார்."

கமிட்டியில் யார் என்று கேட்டால் தன் பெயரைத்தான் சொல்ல வேண்டுமாம். நானே செய்ததாக எழுதிவிட்டேன் என்றேன். "யாரும் நம்ப மாட்டாங்க, ரெய்யோ மாமா. உங்களுக்கு அவ்வளவு தெரியாது" என்றாள். ஆகவே சைமி லெஹ்தோ என்றே எழுதிக்கொள்ளுங்கள். தபாலை நம்பாமல் இதைப் போதகர் அம்மாவின் காரில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இன்றைக்கே ஏரோ வீட்டுக்குப் போங்கள், போனில் வேண்டாம். நம் ஊர் வழக்கப்படி இறந்து நாலு வாரம் கழித்து, இந்தச் சனிக்கிழமைதான் பெரியவருக்கு அடக்கம், இன்னும் நேரம் இருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்பதைச் சொல்லி, மணிக்குச் சம்மதம் வாங்குங்கள். நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு இருவருக்கும் அடிக்கும்.

ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் மெஷினுக்குக் குழம்பிவிடாதா என்று கேட்டேன். குழம்பாதாம், அதற்கும் ஒரு 'எனில்' கட்டை வைத்து வயதையும் சேர்த்துவிட்டாளாம். போய்ப் பார்த்தேன், சரியாகத்தான் கோர்த்திருக்கிறாள். முதலில் எண்பத்தெட்டு, பிறகு நாற்பத்தொன்று.